ராமன் மறைந்து நின்றது சரியா என்று கேட்டால் அது மத அவமதிப்பா?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ராமாயணம் பற்றிப் பேச்சு வந்தது. "வாலியை மறைந்து நின்று கொன்றது எப்படி நியாயம்?" என்று கேட்டேன். பெரியப்பா, "சாமி விஷயத்தில் விளையாடாதே, எங்கள் மனசு புண்படுகிறது" என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டார். மதக் கதைகளைக் கேள்வி கேட்பது அவமதிப்பா? பொதுவில் எழுதினால் வழக்கு வருமா?

பதில்:

நீங்கள் கேட்டது அவமதிப்பு அல்ல. அதற்காகப் பெரியப்பாவுக்கு வருத்தமே வந்திருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். அந்த வருத்தம் உண்மையானது. அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் கேள்வி.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் வாலியேதான். மார்பில் அம்பு தைத்துக் கீழே கிடந்தபடி ராமனை நேருக்கு நேர் கேட்கிறான். வால்மீகியில் கிஷ்கிந்தா காண்டத்தின் 17ஆவது சர்க்கம் வாலியின் குற்றச்சாட்டு, 18ஆவது சர்க்கம் ராமனின் பதில். இந்த நிலம் இக்ஷ்வாகு வம்சத்துக்கு உரியது, தவறு செய்தவனைத் தண்டிக்க எனக்கு உரிமை உண்டு என்கிறான் ராமன். தம்பி உயிரோடு இருக்கும்போதே அவன் மனைவி ருமையை நீ எடுத்துக்கொண்டாய் என்கிறான். அதோடு, நீ குரங்கு, அரசர்கள் விலங்கை மறைந்திருந்தும் வேட்டையாடுவார்கள் என்றும் சொல்கிறான். படிக்கிற யாருக்கும் உடனே ஒரு சந்தேகம் வரும். வாலி விலங்கு என்றால் தம்பி மனைவி பற்றிய மனித தர்மம் அவனுக்கு எப்படிப் பொருந்தும்? பொருந்தும் என்றால் அவனை எப்படி விலங்காக வேட்டையாடலாம்?

இந்த முடிச்சைக் கம்பர் கவனித்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். கம்பராமாயணத்தில் 'நாங்கள் விலங்குகள், எங்களுக்குக் கற்பு நெறி எல்லாம் கிடையாது' என்று வாதிடுவது வாலி. ராமன் அதை ஏற்பதில்லை. நல்லது கெட்டது தெரிந்தவனுக்கு உடம்பைக் காரணம் காட்டித் தப்பிக்க வழியில்லை என்கிறான். அதாவது வால்மீகியில் ராமன் பக்கம் இருந்த 'நீ விலங்கு' என்ற வாதத்தைக் கம்பர் எடுத்து வாலியின் வாயில் வைத்து, ராமனைக் கொண்டே மறுக்க வைக்கிறார். மூலக் கதையில் உறுத்திய இடத்தை அவர் பேசாமல் கடந்து போகவில்லை. ராமனைக் கடவுளாகக் கும்பிட்ட கவிஞர் அவர்.

இன்னும் ஒரு படி மேலே போகிறார். வாலியின் வாயில் அவர் வைத்த வரிகள் எவ்வளவு கூர்மையானவை என்று பாருங்கள்:

"அரக்கர் ஓர் அழிவு செய்து கழிவரேல், அதற்கு வேறு ஓர்
குரக்கு இனத்து அரசைக் கொல்ல, மனு நெறி கூறிற்று உண்டோ?"

உன் மனைவியைத் தூக்கிப் போனவன் ஓர் அரக்கன், அதற்காகக் குரங்கினத்து அரசனைக் கொல்லச் சொல்லி எந்த நீதி நூல் சொன்னது என்கிறான். "இரக்கம் எங்கு உகுத்தாய்? என்பால் எப் பிழை கண்டாய்?" என்று அடுத்த அடியில் தொடர்கிறான். குழுவில் நீங்கள் எழுதியது இதில் பத்தில் ஒரு பங்கு சூடுகூட இல்லை.

ராமன் தம்பி மனைவி விஷயத்துக்குப் பதில் சொல்லி முடித்ததும், சரி, அது அப்படியே இருக்கட்டும், களத்தில் எதிரே நின்று எய்யாமல் வேடர்களைப் போல மறைந்து நின்று எய்தது ஏன் என்று வாலி கடைசியாகக் கேட்கிறான். அந்த இடத்தில் கம்பர் எழுதுவது: "இலக்குவன் இயம்பலுற்றான்". ராமன் பேசவில்லை. தம்பி குறுக்கே வந்து, உன் தம்பி முதலில் அடைக்கலம் புகுந்துவிட்டான், நேரே வந்தால் நீயும் அடைக்கலம் கேட்டுவிடுவாய், அதனால்தான் அண்ணன் மறைந்து நின்றான் என்கிறான். ராமன் ஏன் வாய் திறக்கவில்லை? அவனிடமே பதில் இல்லை என்பதைக் கம்பர் காட்டுகிறாரா, தன்னைத் தானே நியாயப்படுத்திக்கொள்ள அவன் விரும்பவில்லை என்கிறாரா? சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய பிறகு எத்தனையோ மேடைகளில் இதைப் பேசியிருக்கிறார்கள், வாலி வதை சரியா தவறா என்று பட்டிமண்டபம் போட்டிருக்கிறார்கள். தவறு என்ற அணியில் நின்று பேசியவர்களிலும் திருநீறும் திருமண்ணும் இட்டவர்கள் உண்டு. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களும் பக்தர்கள்தான். யாரும் எழுந்து போனதாக நான் பார்த்ததில்லை.

கம்பரின் வாலி இத்தனையும் கேட்ட பிறகுதான் மனம் தெளிந்து, தன் மகன் அங்கதனை ராமன் கையில் ஒப்படைத்துவிட்டு உயிரை விடுகிறான். ராமனை மிகக் கடுமையாகக் கேட்டவனுக்கு அந்தக் காவியம் மோட்சம் கொடுக்கிறது.

பாரதத்தில் பாஞ்சாலி கேட்ட கேள்வியும் இப்படித்தான். தன்னைத்தானே தோற்றுவிட்ட தருமனுக்கு அதற்குப் பிறகு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? சபையில் இருந்த அத்தனை பெரியவர்களில் யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. தருமத்தின் வழி நுட்பமானது என்று பீஷ்மர் தடுமாறுகிறார். துரியோதனனின் தம்பி விகர்ணன் மட்டும் எழுந்து அவள் சொல்வது சரி என்கிறான். 1912இல் பாரதியார் பாஞ்சாலி சபதம் எழுதியபோது "பேயரசு செய்தால் பிணந்தின்னும் சாத்திரங்கள்" என்று அவளைப் பேச வைத்தார். சாத்திரத்தை அதைவிடக் கடுமையாக யாரும் கேட்டுவிட முடியாது. அந்த வரியை நாம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

மற்ற மதங்களிலும் இதைக் காணலாம். பைபிளில் யோபு தன் துன்பத்துக்குக் காரணம் கேட்டுக் கடவுளோடு வழக்காடுகிறார். கடவுளுக்குப் பரிந்து பேசிய நண்பர்கள்மீதுதான் கடைசியில் கடவுள் கோபப்படுகிறார், என் தாசனாகிய யோபைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் இப்ராஹீம் நபி, இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று எனக்குக் காட்டு என்று இறைவனிடம் கேட்கிறார். நீ நம்பவில்லையா என்று கேட்கப்பட்டதும், நம்புகிறேன், என் உள்ளம் அமைதி பெறுவதற்காகக் கேட்கிறேன் என்கிறார். அவருக்குப் பதில் கிடைக்கிறது.

இதற்கு எதிரான பக்கமும் மரபில் இருக்கிறது. கேள்வி கேட்பதைக் கொண்டாடும்போது எல்லோரும் நக்கீரரைச் சொல்வார்கள். ஆனால் திருவிளையாடலில் நக்கீரர் நெற்றிக்கண் சூட்டில் வெந்து பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார், பிறகு பணிந்து பாடித்தான் மீள்கிறார். கேள்வியை மதித்த மரபும் அதைக் கண்டு பயந்த மரபும் ஒன்றாகவே நம்மிடம் வந்திருக்கின்றன. பெரியப்பாவின் கோபமும் அந்த மரபில் உள்ளதுதான்.

இனி அந்தக் கோபத்தைப் பார்ப்போம். உங்களுக்கு ராமன் ஒரு காவிய நாயகன். அவருக்கோ நெருக்கடியில் கூப்பிடுகிற பெயர். பாட்டி சாகும்போது காதில் சொன்ன பெயராகவும் இருக்கலாம். 'ராமன் செய்தது நியாயமா' என்று நீங்கள் எழுதியதை அவர் 'இதைக் கும்பிடுகிற நீ முட்டாள்' என்று படித்திருப்பார். நீங்கள் அப்படி எழுதவில்லை. ஆனால் அப்படி எழுதுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் மிஷனரிகள் புராணக் கதைகளை எடுத்து, இது ஆபாசம், இது கொடுமை என்று சிறு நூல்களாக அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். கேள்வி வடிவில் இருந்தாலும் அவற்றின் நோக்கம் மதம் மாற்றுவது. அதை எதிர்கொண்டவர்களில் முதன்மையானவர் ஆறுமுக நாவலர். பீட்டர் பெர்சிவல் என்ற மிஷனரியோடு சேர்ந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர், ஆகவே எதிர்த்தரப்பின் நூலை வரிவரியாக அறிந்தவர். 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதி, நீங்கள் எங்களிடம் குறை சொல்லும் சடங்குகளுக்கு நிகரானவை உங்கள் வேதத்திலேயே உள்ளன என்று எடுத்துக் காட்டினார். நாவலரின் எல்லாக் கருத்தும் எனக்கு உடன்பாடு இல்லை, சாதி விஷயத்தில் அவரோடு கடுமையாக முரண்படுகிறேன். ஆனால் அவமதிப்பு என்று தான் கருதியதற்கு அவர் கொடுத்த பதில் ஒரு புத்தகம். எதிராளியின் நூலைக் கற்று, அச்சுக்கூடம் வைத்து, எழுத்தால் பதில் சொன்னார். புண்பட்ட மனதுக்கு அது ஒரு கௌரவமான வழி.

ஆனால் புண்படும் மனம் நம்புகிறவருக்கு மட்டும்தான் உண்டு என்பது போலவே நாம் எப்போதும் பேசுகிறோம். இதில் எனக்கு உண்மையான கோபம் உண்டு.

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதனூர் புலைப்பாடியில் பிறந்தவர் தில்லைக் கூத்தனைப் பார்க்க ஏங்குகிறார். இந்தப் பிறவியோடு உள்ளே போக முடியாதே என்று வருந்துகிறார். இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கி வரச் சொல்கிறான், தில்லைவாழ் அந்தணர்கள் தீ வளர்க்கிறார்கள், அவர் அதில் இறங்கிப் பூணூல் அணிந்த முனிவராக வெளியே வருகிறார். பக்திக்குச் சாதி இல்லை என்று காட்டும் கதை இது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தலித் மாணவி இதைப் படித்துவிட்டு, அவர் ஏன் நெருப்பில் இறங்க வேண்டும், ஏன் அதே உடம்போடு உள்ளே போகக் கூடாது, வெளியே வரும்போது எதற்குப் பூணூல் என்று கேட்டால், அது யாரையும் புண்படுத்தும் கேள்வியா? கதை அவளைப் புண்படுத்தியிருக்கிறது. அவள் அதைச் சொல்கிறாள். உத்தர காண்டத்தில் தவம் செய்ததற்காகத் தலை வெட்டப்பட்ட சம்பூகனைப் பற்றிக் கேட்பவருக்கும், ஏகலைவனின் கட்டைவிரலைப் பற்றிக் கேட்பவருக்கும் இதே நிலைதான். அவர்களைப் பார்த்து 'மனசு புண்படுகிறது, பேசாதே' என்று சொல்வது, ஏற்கெனவே வலியில் இருப்பவரையே மறுபடியும் வாயை மூடச் சொல்வது. இரண்டு மனமும் புண்படுகிறது என்றால் ஒரு மனதுக்கு மட்டும் எப்படிச் சலுகை கொடுப்பது?

எது அவமதிப்பு என்று கேட்டால் என் அளவுகோல் இதுதான். கதையைக் கேட்பதும், கதையில் வரும் தெய்வத்தின் செயலைக் கேட்பதும் அவமதிப்பு அல்ல. அந்தக் கதையைச் சாக்காக வைத்து எதிரே இருக்கிற மனிதரைத் தாழ்த்துவது அவமதிப்பு. 'இந்த வசனத்துக்கு என்ன விளக்கம்?' என்பதற்கும் 'உங்க ஆளுங்களே இப்படித்தானே' என்பதற்கும் உள்ள வேறுபாடு எல்லோருக்கும் தெரியும். பதில் வந்தால் படிக்கப் போகிறோமா, அல்லது அவர் துடிப்பதைப் பார்க்கத்தான் கேட்டோமா என்பதும் நம் மனதுக்குத் தெரியும். வீட்டில் சாவு விழுந்த அன்று, பண்டிகை நாளில், பக்கத்து மதத்துக்காரர் ஒருவர் மட்டும் தனியாக இருக்கும் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து கேட்பது சரியான கேள்வியையும் கல்லாக்கிவிடும். அதிலும் அடுத்தவர் மதத்தைக் கேட்கும்போது கூடுதல் பொறுப்பு வேண்டும். கேட்கவே கூடாது என்பதல்ல, படித்துவிட்டுக் கேட்க வேண்டும். யாரோ அனுப்பிய படத்தில் இருந்த பாதி வசனத்தை வைத்துக்கொண்டு ஓர் இஸ்லாமியரையோ கிறிஸ்தவரையோ குறுக்கு விசாரணை செய்கிறவர்களுக்கு நாவலரிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

வழக்கு வருமா என்று கேட்டீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்ற பிரிவு 1927இல் சேர்க்கப்பட்டது. நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தி லாகூரில் வெளியான ஒரு சிறு நூலின் பதிப்பாளரை, தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று உயர்நீதிமன்றம் விடுவித்தது. அதனால் எழுந்த கொந்தளிப்பில் வந்த பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு ஒரு பிரிவினரின் மதத்தை அவமதித்திருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. தெரியாமலோ கவனக்குறைவாகவோ, கெட்ட எண்ணம் இல்லாமலோ சொன்னது இதில் வராது என்று 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017இல் மகேந்திர சிங் தோனி வழக்கிலும் அதையே உறுதி செய்தது. உங்கள் வாலி கேள்வி இதன் பக்கத்தில்கூட வராது.

பெரியாரே இதில் இரண்டு வகைக்கும் உதாரணம். 1953இல் திருச்சியில் பிள்ளையார் சிலையை உடைத்தார். அந்த வழக்கு 1958இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கீழ் நீதிமன்றங்கள் சட்டத்தைக் குறுக்கிப் படித்துவிட்டன, நம்பிக்கை பகுத்தறிவுக்கு ஒத்ததோ இல்லையோ மக்களின் மத உணர்வை மதிக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆனாலும் அவ்வளவு காலத்துக்குப் பிறகு விசாரணையை மறுபடி தொடங்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவருடைய ராமாயண விமர்சன நூலின் கதை வேறு. அதன் இந்தி மொழிபெயர்ப்பை லலாய் சிங் யாதவ் வெளியிட்டதும் உத்தரப் பிரதேச அரசு 1969இல் பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 1976இல் உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் அமர்வு அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. எந்தக் காரணத்துக்காகத் தடை என்றுகூட அரசு ஆணையில் சொல்லவில்லை என்பதே அடிப்படை. ஒரு சமூகம் கும்பிடுகிற உருவத்தைத் தெருவில் உடைப்பதும் ஒரு காவியத்தை வாசித்து வாதிடுவதும் ஒன்றல்ல என்றுதான் நானும் நினைக்கிறேன். முதலாவதை என்னால் ஆதரிக்க முடியாது. இரண்டாவதை, அதில் பாதிக்கு மேல் நான் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், தடை செய்யக் கூடாது என்பேன்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறை வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். 299 பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய பிரிவு, ஜாமீனை உரிமையாகக் கேட்கவும் முடியாது, நீதிமன்றம் பார்த்துத்தான் கொடுக்கும். கடைசியில் விடுதலை ஆனாலும் அதற்குள் அனுபவிப்பதே தண்டனை ஆகிவிடுகிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வந்தது. நான்கு ஆண்டு கழித்து 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, அவர் மறுபடி எழுத வேண்டும் என்று சொல்லும்வரை ஒன்றரை ஆண்டு போய்விட்டது. இலங்கையில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் புத்த மடம் ஒன்றைப் பற்றி ஃபேஸ்புக்கில் போட்ட சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதம் சிறையில் இருந்தார். மனித உரிமை ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த இயற்றிய சட்டத்தையே அவர்மீது போட்டார்கள். பிறகு 2021இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். மதம் என்று கிளம்புகிற கோபத்துக்குள் சாதி மானம், உள்ளூர் அரசியல், மடத்தின் அதிகாரம் எல்லாம் கலந்திருக்கும். அதனால்தான் 'புண்பட்டுவிட்டேன்' என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டு யாரையும் தண்டிக்கக் கூடாது என்கிறேன்.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் மன்னிப்பு கேட்டு அந்தக் கேள்வியை அழிக்காதீர்கள், அது தப்பு செய்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடும். பெரியப்பாவைத் தனியாகக் கூப்பிடுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். "உங்களைப் புண்படுத்தக் கேட்கவில்லை பெரியப்பா, எனக்கு உண்மையிலேயே புரியவில்லை" என்று சொல்லுங்கள். வாலி வதைப் படலத்தை எடுத்துப் போய், ராமன் பேச வேண்டிய இடத்தில் இலக்குவன் ஏன் பேசுகிறான் என்று கேட்டுப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க ராமனை நினைத்துக்கொண்டிருப்பவரிடம் இதற்கு நமக்குத் தோன்றாத ஒரு பதில் இருக்க வாய்ப்பு அதிகம். அவர் பேச மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், பேச விரும்பாமல் இருப்பதும் அவர் உரிமை. குழுவில் வேறு யாராவது ஆர்வமாக இருந்தால் அவர்களோடு தொடருங்கள்.